பாட்டு போட்டாச்சு, பதில் வந்ததா?

இரவு பத்து மணிக்கு ஒலிவாங்கியைத் திறந்தால் ஒரு மணி வரைக்கும் எனக்குக் காதல் பாடல்கள்தான் வேலை. ஞாயிறு முதல் வியாழன் வரை, ஒன்பது ஆண்டுகளாக. பாலிங்கில் இருந்து ஒருவர் அழைப்பார். பாடாங் செராயில் இருந்து ஒருவர் புலனத்தில் குரல் பதிவு அனுப்புவார். லாரியை ஓரம் கட்டிவிட்டு, எந்த ஊர் என்றே தெரியாமல் ஒருவர் பேசுவார். யார் யாருக்காக எந்தப் பாடலைக் கேட்கிறார் என்று வாசிப்பேன். இரண்டு வரி இனிப்பாகப் பேசுவேன். பாடலைப் போடுவேன்.

எத்தனை ஆயிரம் பெயர்களை வாசித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அவற்றில் ஒரு பெயரை மட்டும் நான் வாசித்திருக்கக் கூடாது.

காதல் பாடல்கள் நமக்குக் காதலைக் கற்றுத் தருகின்றனவா என்று மேடைகளில் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். "நிச்சயமாக" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். இப்போது அப்படிச் சொல்ல முடிவதில்லை. பாடல்கள் நமக்குப் பாதியைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. மீதிப் பாதியை நான் கற்றது, அந்தப் பெயர் செய்த புண்ணியத்தில்.

வாசிக்கக் கூடாத பெயர்

ஒரு புதன்கிழமை இரவு, நிகழ்ச்சி முடிந்து காதணியைக் கழற்றி வைத்த நேரத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. "அக்கா, தயவுசெய்து இனிமேல் என் பெயரை வாசிக்காதீங்க."

கூலிம் பக்கத்தில் இருந்து எழுதியிருந்தார். வயது இருபத்திரண்டு. பேக்டரியில் வேலை. (அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நான்கு மாதங்களாக ஒவ்வொரு புதனும் ஓர் இளைஞர் அவருக்காகப் பாடல் கேட்டிருக்கிறார். பெயரையும் ஊரையும் தாமானையும் சேர்த்து அனுப்புவார். நானும் ஒன்றுவிடாமல் வாசித்திருக்கிறேன். எனக்கு அந்த இளைஞரைப் பிடித்தும் போயிருந்தது. விடாமல் எழுதுகிறாரே, எவ்வளவு அன்பு என்று நினைத்திருந்தேன்.

ஒரு வாரம் நான் இப்படியும் சொன்னேன்: "தங்கச்சி, ஒருத்தர் உங்க ஒரு சிரிப்புக்காக இவ்வளவு நாளா காத்திருக்காரு. கொஞ்சம் மனசு இறங்கலாமே!"

அந்தப் பெண் அவரிடம் இரண்டு முறை நேரில் "வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். அது எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அதே வானொலி பேக்டரி பஸ்சில் ஓடியிருக்கிறது. கூட வேலை செய்பவர்கள் கேலி செய்திருக்கிறார்கள். அண்ணன் சந்தேகப்பட்டு அவருடைய கைப்பேசியைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறார். "நீ இடம் கொடுக்காமலா அவன் ரேடியோவுல பேர் சொல்றான்?" என்று அம்மா கேட்டிருக்கிறார். இரவு ஷிப்டுக்கு அனுப்பமாட்டேன் என்று வீட்டில் தடை. சம்பளம் குறைந்திருக்கிறது.

அவர் எழுதியிருந்த கடைசி வரியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். "அவர் சொன்னா நான் காதுல வாங்காம போயிருப்பேன். நீங்க சொன்னதாலதான் எல்லாரும் நம்பிட்டாங்க."

மன்னிப்புக் கேட்டேன். அன்றோடு அந்தக் கோரிக்கைகளை நிறுத்தினேன். ஆனால் நான்கு மாதங்களாக ஊர் ஊராகக் கேட்ட என் குரலை எப்படித் திரும்ப வாங்குவது?

பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் படித்தபோது ஒரு பாடம் வரும். 1956இல் டோனல்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதியது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசுகிறவர், கேட்கிறவருக்குத் தன் சொந்தக்காரர் போலத் தோன்றுவார். ஆனால் அந்த உறவு ஒருவழிப் பாதைதான் என்று அவர்கள் விளக்கினார்கள். தேர்வில் இதை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். அதே ஒருவழிப் பாதையில் ஒருவருடைய பிடிவாதத்தை நானே ஏற்றி அனுப்புவேன் என்று அப்போது தோன்றவில்லை.

தொல்காப்பியர் ஒதுக்கி வைத்தது

அந்த வாரம் தூக்கம் வராமல் பழைய புத்தகங்களைப் புரட்டினேன். எஸ்.பி.எம். தேர்வுக்கு இலக்கியம் படித்த காலத்தில் மனப்பாடம் செய்த சொல் ஒன்று கண்ணில் பட்டது. கைக்கிளை.

தொல்காப்பியம் அகத்திணையை ஏழாகப் பிரிக்கிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்தும் இரண்டு பேரும் மனமொத்த அன்புக்கு உரியவை. அந்த ஐந்துக்கும் வெளியே இரண்டு. ஒருதலைக் காமம் கைக்கிளை. பொருந்தாக் காமம் பெருந்திணை. கைக்கிளைக்குத் தொல்காப்பியர் தரும் விளக்கத்தின் சாரம் இதுதான்: அந்தப் பக்கத்திலிருந்து பதில் வராமலே, தானே பேசித் தானே மகிழ்வது.

படித்ததும் பகீர் என்றது. நான்கு மாதப் புதன்கிழமைகளை இதைவிடச் சரியாக யாரால் சொல்ல முடியும்?

மடலேறுதல் பற்றியும் நாம் படித்திருக்கிறோம். காதல் கைகூடாத தலைவன் பனை மட்டையால் செய்த குதிரையில் ஏறி, ஊரறியத் தெருவில் வந்து, பெண் வீட்டாரை நெருக்குவான். 'ஏறுவேன்' என்று சொல்வதைப் புலவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். உண்மையிலேயே ஏறிவிட்டால் அதைத் தொல்காப்பியம் பெருந்திணையில் தள்ளிவிடுகிறது. ஊரைக் கூட்டி ஒரு பெண்ணைச் சம்மதிக்க வைப்பது அன்பின் கணக்கில் சேராது என்று நம்மவர்கள் அப்போதே ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். நான் அந்த இளைஞருக்குப் பனங்குதிரைக்குப் பதிலாக அலைவரிசை கொடுத்திருக்கிறேன்.

நம் திரைப்படங்கள் அந்தக் கோட்டைப் பல முறை அழித்துவிட்டன. கதாநாயகன் பின்னாலேயே போவான். பஸ் நிறுத்தத்தில் நிற்பான். நண்பர்களோடு ஆடிப் பாடுவான். அவள் முறைப்பாள், திட்டுவாள். மூன்றாவது பாடலில் அவளே கனவு காண்பாள். அவளுடைய 'வேண்டாம்' என்பது அடுத்த பாட்டுக்கான இடைவெளி, அவ்வளவுதான். 2016 ஜூன் மாதம் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, பெண்ணைத் துரத்துவதைக் காதலாகக் காட்டும் தமிழ்ப் படங்களைப் பற்றித் தமிழ்நாட்டில் பெரிய விவாதமே நடந்தது. அந்தப் பாடல்களைத்தான் நாமும் இங்கே கல்யாண மண்டபத்திலும் காரிலும் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

நம் நாட்டுச் சட்டம் இப்போது விழித்துக்கொண்டிருக்கிறது. குற்றவியல் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்ட 507ஏ பிரிவு, 2023 மே 31 முதல் நடப்பில் இருக்கிறது. ஒருவரைப் பின்தொடர்வது, எந்த வழியிலாவது தொடர்பு கொள்ள முயல்வது, அவர் வீட்டையோ வேலையிடத்தையோ சுற்றிச் சுற்றி வருவது, எதையாவது கொடுப்பது அல்லது அனுப்புவது போன்றவற்றை, அவருக்குத் துன்பமோ அச்சமோ தரும் வகையில் திரும்பத் திரும்பச் செய்தால் குற்றம். 'திரும்பத் திரும்ப' என்பதற்கு இரண்டு முறையே போதும். மூன்று ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இப்படித் தொல்லைப்படுகிறவர்கள் காவல் நிலையத்தில் புகார் செய்யலாம். 15999 என்ற தாலியான் காசே எண்ணையும் அழைக்கலாம்.

அந்த இளைஞர் பொல்லாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. நிறுத்திய பிறகு அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "அக்கா, வேற எப்படித்தான் சொல்றது? பாட்டு மட்டும்தானே தெரியும்." அந்தக் கேள்வியில் பொய் இல்லை. சொல்வதற்கு அவருக்கு நாம் ஆயிரம் பாட்டு கற்றுக் கொடுத்திருக்கிறோம். கேட்பதற்கு ஒன்றுகூடச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஐந்தாவது பெயர்

அந்த வாரக் கடைசியில் சுங்கைப் பட்டாணிக்கு வந்தபோது அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். பிறகு சிரித்தார். "உங்க அப்பாவும் ரேடியோவுக்கு எழுதினவருதான், தெரியுமா?"

எனக்குத் தெரியாது.

பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. லயத்து வாசலில் நின்றால் குனோங் ஜெராய் மலை தெரியும். விடியற்காலை பிரட்டுக்குப் பிறகு ஆளாளுக்கு நிரை பிரித்துப் போவார்கள். அம்மாவின் நிரைக்குப் பக்கத்து நிரையில் அப்பா பால் வெட்டினார். இரண்டு பேருக்கும் இருபது வயதைத் தொட்ட பருவம். பேசினால் கண்டுகொள்ள கங்காணியும் உண்டு, அத்தைமாரும் உண்டு. ஆகவே பேச்சில்லை.

அந்தக் காலத்தில் தோட்டத்துக்கே ரேடியோதான் திருவிழா. 1946இல் தொடங்கிய தமிழ் ஒலிபரப்பு. இன்று மின்னல் எஃப்.எம். என்று நாம் அழைக்கும் அதே அரசாங்க வானொலியின் முன்னோடி. லயத்தில் ஒரு வீட்டில் ஓடினால் பத்து வீட்டுக்குக் கேட்கும். நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டையில் எழுதிப் போட வேண்டும். ஓர் அட்டையில் எத்தனை பெயர் இடம் கொள்ளுமோ அத்தனையும் எழுதுவார்கள்.

அப்பா பதினொரு பெயர் எழுதினாராம். தன் பெரியம்மா, சித்தப்பா, பக்கத்து வீட்டுத் தாத்தா, ஆயாக்கொட்டகை ஆயா என்று வரிசையாக எழுதி, ஐந்தாவதாக அம்மாவின் பெயரை நுழைத்துவிட்டார். அறிவிப்பாளர் மூச்சு வாங்க எல்லாப் பெயரையும் வாசித்தார். தோட்டமே கேட்டது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஐந்தாவது பெயர்க்காரிக்கு மட்டும் புரிந்துவிட்டது.

"அப்புறம்?" என்று கேட்டேன்.

"அப்புறம் என்ன, ஒரு மாசம் பேசாம இருந்தேன். யோசிச்சேன். பிடிச்சிருந்துச்சு. நானும் ஒரு அட்டை போட்டேன். பன்னெண்டு பேரு. அஞ்சாவதா உங்க அப்பா."

"பிடிக்கலன்னா?"

"போட்டிருக்க மாட்டேன். அவரும் மறுபடி எழுதியிருக்க மாட்டாரு. கடுதாசி போட்டா பதில் வரும், இல்லன்னா வராது. வராட்டி அதுவும் பதில்தானே?"

கீரை ஆய்ந்து முடிந்தது. அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர் அம்மா. நான் பட்டம் வாங்கியும் பிடிபடாத பாடத்தை ஒரு கட்டுக் கீரை நேரத்தில் முடித்துவிட்டார்.

பாடல் அன்றைக்கும் அன்புக்குத் தூதுதான். ஆனால் அப்பா அந்தப் பெயரை மற்றவர்களுக்கு நடுவில் மறைத்து வைத்தார். அம்மா விரும்பாவிட்டால் ஊரில் யாருக்கும் தெரியாமல் அந்த விஷயம் அங்கேயே முடிந்துபோகும். பதில் சொல்லவும் சொல்லாமல் இருக்கவும் அம்மாவுக்கு இடம் இருந்தது. என் நிகழ்ச்சியில் அந்தக் கூலிம் பெண்ணுக்கு அந்த இடத்தை நான் கொடுக்கவில்லை.

ஏழும் பதினெட்டும்

சரி, பதில் வந்துவிட்டது. கல்யாணமும் ஆகிவிட்டது. அதற்கப்புறம் பாடல்கள் என்ன சொல்கின்றன? பெரும்பாலும் ஒன்றும் இல்லை. படத்தில் தாலி ஏறியதும் 'வணக்கம்' போட்டுவிடுகிறார்கள்.

வள்ளுவர் இந்த விஷயத்தில் வேறு மாதிரி கணக்குப் போட்டவர். காமத்துப்பாலில் மொத்தம் 25 அதிகாரங்கள். காதல் பிறந்து வளரும் களவியலுக்கு 7. சேர்ந்து வாழும் கற்பியலுக்கு 18. பார்த்தது, மயங்கியது, தூக்கம் கெட்டது எல்லாம் ஏழு அதிகாரத்தில் முடிந்துவிடுகிறது. மீதிப் பதினெட்டும் பிரிவு, காத்திருப்பு, கோபம், சமாதானம்.

என் நிகழ்ச்சியில் கேட்கப்படும் பாடல்கள் அநேகமாக எல்லாமே அந்த ஏழில் இருந்து வருகின்றன. நள்ளிரவுக்குப் பிறகு வரும் அழைப்புகளோ பதினெட்டில் இருந்து வருகின்றன.

கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. பால்மரம் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாகி, லயத்து மக்கள் தாமான்களுக்குக் குடிவந்த காலம் அது. அவர்களின் பிள்ளைகள் பலர் இன்று அங்கே ஷிப்டு பார்க்கிறார்கள். கணவருக்குப் பகல் ஷிப்டு, மனைவிக்கு இரவு ஷிப்டு. ஒருவர் வீட்டுக்குள் நுழையும் நேரம் மற்றவர் காலணி மாட்டிக்கொண்டிருப்பார். பிள்ளையையும் சாவியையும் வாசலில் கை மாற்றிக்கொள்வார்கள். அப்படி ஒரு மனைவி ஒரு நாள் இடைவேளையில் அழைத்தார். "அவரு மூணு வாரமா சரியா பேசலக்கா. என்ன பாட்டு போட்டா பேசுவாரு?"

நான் ஒரு பாட்டுப் போட்டேன். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த மருந்து அதுதான்.

என் வீட்டிலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது. எனக்குத் திருமணமாகி ஐந்து ஆண்டு. அவர் கூலிமில் தொழில்நுட்பர். வீடு சுங்கைப் பட்டாணியில். எனக்குக் கோலாலம்பூரில் ஒலிப்பதிவுக்கூடம். வெள்ளிக்கிழமை இ.டி.எஸ். ரயிலில் வடக்கே வருவேன், ஞாயிறு திரும்புவேன். வாரநாளில் என் நிகழ்ச்சி முடியும்போது அவர் தூங்கியிருப்பார். அவர் எழும்போது நான் தூக்கத்தில். ஆகவே தினமும் ஒரு பாடலைப் புலனத்தில் அனுப்புவோம். அவர் அனுப்பினால் நான் ஒரு இதயம் போடுவேன். நான் அனுப்பினால் அவர் ஒரு இதயம் போடுவார். எங்கள் நண்பர்கள் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை அவர் தன் கைப்பேசியை என் முன்னால் வைத்தார். மேலே தள்ளிக் காட்டினார். மூன்று பாடல்களுக்குக் கீழே, மூன்று வெவ்வேறு மாதங்களில், ஒரே கேள்வியைச் சின்னதாக எழுதியிருந்தார். 'நீ எப்ப இங்க வந்து இருப்ப?' மூன்றுக்கும் நான் இதயம் போட்டிருந்தேன்.

"பாட்டுக்கு இதயம் போட்ட. கேட்டதுக்குப் பதில் சொல்லல" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் கத்திவிட்டுத் தப்பித்திருப்பேன்.

அந்தக் கேள்வியை நான் பார்க்காமல் இல்லை. பதில் சொன்னால் என் வேலையா, எங்கள் வீடா என்று பேச வேண்டிவரும். அந்தப் பேச்சுக்குப் பயந்து பாடலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பத்து மணி முதல் ஒரு மணி வரை நாட்டுக்கே காதல் சொல்கிறவள், சொந்த வீட்டில் ஊமை.

ஒரு தும்மலும் கடாரமும்

கற்பியலின் முதல் அதிகாரம் எது தெரியுமா? பிரிவாற்றாமை. கல்யாணப் பகுதியையே வள்ளுவர் பிரிவில்தான் தொடங்குகிறார். முதல் குறளில் மனைவி பேசுகிறாள். போகவில்லை என்றால் என்னிடம் சொல். போய்ச் சீக்கிரம் வந்துவிடுவேன் என்ற கதையை, அதுவரை உயிரோடு இருப்பவர்களிடம் போய்ச் சொல் என்பது அவள் வாதத்தின் சாரம். எவ்வளவு கூர்மை பாருங்கள். அவள் நெஞ்சில் இருப்பதை அவளே சொல்கிறாள். என் கணவரும் அதையேதான் மூன்று முறை, கொஞ்சம் மென்மையாகச் சொல்லியிருந்தார்.

அதே பாலின் கடைசிப் பகுதியில் ஊடல் வருகிறது. ஊடல் உப்பு மாதிரி என்கிறார் வள்ளுவர். அளவோடு இருந்தால் ருசி, கொஞ்சம் கூடினாலும் கெட்டது. ஒரு காட்சியில் கணவன் தும்முகிறான். மனைவி வாழ்த்துகிறாள். உடனே முகம் மாறி, யார் நினைத்ததால் தும்மினாய் என்று அழுகிறாள். அடுத்த குறளில் அவன் தும்மலை அடக்கிக்கொள்கிறான். அதற்கும் அழுகிறாள், யார் நினைப்பதை என்னிடம் மறைக்கிறாய் என்று. சிரிப்பு வருகிறது அல்லவா? ஆனால் கவனியுங்கள். இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்கும் தூரத்தில் இருக்கிறார்கள். கோபப்படுகிறவள் கோபத்தைச் சொல்கிறாள். எங்கள் இதயக் குறிகளில் தும்மலும் இல்லை, ஊடலும் இல்லை. உப்பே போடாத சாப்பாடு.

நம் கெடா மாநிலத்துக்கும் ஒரு காதல் பாட்டில் இடம் உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான பட்டினப்பாலை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. 301 அடிகளில் பெரும்பகுதி காவிரிப்பூம்பட்டினத்தின் செழிப்பையும் கரிகாலன் பெருமையையும் சொல்கிறது. அந்தத் துறைமுகத்தில் குவிந்து கிடக்கும் பொருள்களின் பட்டியலில் காழகம் என்ற இடத்திலிருந்து வந்த செல்வமும் சேர்கிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் காழகம் என்றால் கடாரம் என்கிறார். 1025ஆம் ஆண்டுவாக்கில் ராஜேந்திர சோழன் படையெடுத்து வந்த அதே கடாரம், நம் கெடா.

இத்தனை செல்வத்தையும் புலவர் எதற்காக அடுக்குகிறார்? பொருள் தேடப் புறப்படச் சொல்லும் தன் நெஞ்சுக்குத் தலைவன் பதில் சொல்கிறான். அந்தப் பட்டினமே கிடைத்தாலும் இவளை விட்டு வரமாட்டேன் என்கிறான். கடாரத்துச் செல்வமும் அந்தத் தராசில் ஏறி, ஒரு பெண்ணுக்கு முன்னால் எடை குறைந்துபோகிறது.

நமக்கு அப்படிச் சொல்ல முடிவதில்லை. வீட்டுக்கடன் இருக்கிறது, கார் தவணை இருக்கிறது. லூனாஸில் இருந்து சிங்கப்பூருக்கும், குரூணில் இருந்து கோலாலம்பூருக்கும் பிள்ளைகள் வேலைக்குப் போகத்தான் செய்கிறார்கள். போவது தப்பில்லை. தராசைத் தூக்கிப் பார்க்காமலே போய்விடுவதுதான் தப்பு. அந்தத் தலைவன் இரண்டு தட்டையும் எடுத்துவைத்துப் பேசினான். நான் தராசையே அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்தது. சனிக்கிழமை காலை, தாமான் முனைக் கடையில் தோசை. கைப்பேசி காரிலேயே இருக்கும். ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் பதில் சொல்ல வேண்டும். 'தெரியல' என்பதும் பதில்தான். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதல் சனிக்கிழமை இரண்டு பேரும் அழுதோம். கடைக்காரர் சாம்பாரில் காரம் அதிகமோ என்று வந்து கேட்டார். கோலாலம்பூரா, சுங்கைப் பட்டாணியா என்று இன்னும் முடிவாகவில்லை. முடிவாகிவிட்டது என்று எழுதினால் கட்டுரை அழகாக முடியும், உண்மையாக இருக்காது. ஆனால் கேள்வி இப்போது மேசை மேல் இருக்கிறது. தோசைக்குப் பக்கத்தில்.

பாட்டு முடிந்த பிறகு

அதற்காகப் பாடல்களைக் குறை சொல்லிவிட முடியுமா? நம் வீடுகளில் 'எனக்கு உன்னைப் பிடிக்கும்' என்று வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் குறைவு. அந்தச் சொற்களை நமக்குப் பாடல்கள்தான் கொடுத்தன. தமிழ்ப் பாட்டு மட்டுமா? பினாங்கு அலிகேட்ஸ் குழுவின் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் சகோதரர்கள் பாடிய மலாய்க் காதல் பாடல்களைக் கேட்டு உருகிய தமிழ் இளைஞர்கள் இந்த வட்டாரத்தில் எத்தனை பேர்! சொல்லத் தெரியாதவர்களுக்குப் பாடல் ஒரு வாய். அதைப் பிடுங்க எனக்கு மனமில்லை.

2018இல் வந்த '96' படத்தைப் பலர் என்னிடம் சிலாகிப்பார்கள். பாடகி எஸ்.ஜானகியின் பெயர் வைக்கப்பட்ட கதாநாயகி, பள்ளியில் அருமையாகப் பாடுவாள். அவன் ஒரு பாடலைக் கேட்டுக்கொண்டே இருப்பான். அதை மட்டும் பாடமாட்டாள். இருபத்திரண்டு ஆண்டு கழித்து, மின்சாரம் போன ஓர் இரவில் பாடுகிறாள். திரையரங்கில் நானும் அழுதேன். இப்போது யோசித்தால், அவர்கள் பிரிந்ததற்குக் காரணம் பாட்டுக் குறைந்தது அல்ல. கல்லூரிக்குத் தேடி வந்தவன் இவன் என்று தெரியாமல் அவள் வேறு யாரோ என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறாள். அவனும் கேட்காமல் போய்விடுகிறான். ஒரு கேள்வியும் ஒரு பதிலும் சந்திக்காமல் போன கதை அது.

டூயட் பாடல்களில் இன்னொரு விஷயம் உண்டு. ஒரு காலத்தில் பாடகரும் பாடகியும் ஒரே நேரத்தில் ஒலிவாங்கி முன் நின்று பாடினார்கள். ஒருவர் மூச்சு எடுப்பதை மற்றவர் பார்த்துக்கொண்டே தன் வரியைத் தொடங்குவார். இன்று பெரும்பாலும் தனித்தனி நாளில், தனித்தனி ஊரில் பாடிப் பதிவு செய்து ஒட்டிவிடுகிறார்கள். கேட்பதற்குக் குறை தெரியாது. வாழ்க்கையில் அப்படி ஒட்ட முடியாது. எதிரில் இருப்பவர் மூச்சு எடுக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு என் நிகழ்ச்சியில் சில மாற்றங்கள் செய்தோம். தாமான் பெயர், வேலையிடம் எதையும் வாசிப்பதில்லை. முழுப் பெயரும் கிடையாது. "மனசு இறங்கலாமே" போன்ற சிபாரிசுகளை நான் அடியோடு விட்டுவிட்டேன். ஒருவர் இன்னொருவருக்காகப் பாடல் கேட்டால், ஒலியில் ஏற்றும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன்: "உங்க பேரோட இந்தப் பாட்டைக் கேட்டா அவங்க சந்தோஷப்படுவாங்களா?"

பலர் உடனே "ஆமாக்கா!" என்பார்கள். அந்த உற்சாகத்திலேயே உண்மை தெரிந்துவிடும். சண்டை போட்ட கணவன்மார் கொஞ்சம் தயங்கி, "சந்தோஷப்படுவான்னு நினைக்கிறேன்" என்பார்கள். அவர்களிடம், "பாட்டு முடிஞ்சதும் நீங்களே ஒரு வரி சொல்லுங்க. அப்புறம் அவங்க என்ன சொல்றாங்கன்னு கேளுங்க" என்கிறேன். மூன்று வாரம் பேசாத கணவரின் மனைவிக்கும் அடுத்த முறை அழைத்தபோது அதையே சொன்னேன். "பாட்டு இருக்கட்டும்மா, ஒரு நாள் அரை மணி நேரம் லீவு எடுத்து வாசல்லயே நில்லுங்க." சிரித்தார். நின்றாரா என்று தெரியாது.

போன மாதம் பாலிங்கில் இருந்து ஓர் இளைஞர் அழைத்தார். பாடலைச் சொன்னார். பெண்ணின் பெயரைச் சொன்னார். நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பின்னால் மோட்டார் ஒன்று போகும் ஒலி மட்டும் கேட்டது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"அக்கா," என்றார் கடைசியில், "முதல்ல அவகிட்ட கேட்டுட்டு வரேன்."

இன்னும் திரும்ப அழைக்கவில்லை. பாட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.